ஜிமிக்கியின் சம்மதம்

"மார்ச் 12, 2047. இன்றைய தவறு: எலுமிச்சை சோப்பில் கை கழுவிவிட்டு ரவிக்கையைத் தொட்டேன்." மாலை நேரத் தையல் வகுப்புக்கான நாட்குறிப்பில் எஸ்தர் தயங்கித் தயங்கி இதை எழுதினாள்.

அவள் வேலை பார்க்கும் ரோகிணி மேடத்தின் தையல்கடையில், ஜிமிக்கி சம்மதிக்காமல் எந்த உடுப்பும் வெளியே போகாது. ஜிமிக்கி, பட்டு மெத்தையில் படுத்திருக்கும் வெள்ளைப் பூனை. அது நினைப்பதை அதன் கழுத்துப்பட்டை பேசிவிடும்.

இன்று வாடிக்கையாளர் வசுமதியம்மாளின் ரவிக்கையை ஜிமிக்கி முகர்ந்ததும் கழுத்துப்பட்டை "வேண்டாம்" என்றது.

"பிரிச்சுடு" என்றார் மேடம்.

"மேடம், அவங்களால தோளைத் தூக்க முடியாது. அதுக்காகத்தான் பக்கத்துல பட்டன் வச்சேன். மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் துணையில்லாம தானே போட்டுப் பாத்தாங்க. நாளைக்கு அவங்க மக கல்யாணம். தையல்ல குறையில்ல மேடம், அது என் கை சோப்பு வாடை. பூனைக்கு எலுமிச்சை வாசனையே ஆகாது."

"என் தங்கத்துக்குப் பிடிக்கலைன்னா பிடிக்கலை. உன்ன மாதிரி சாக்கு சொல்லத் தெரியாது அதுக்கு." மேடம் ஜிமிக்கியின் நெற்றியில் முத்தமிட்டார்.

எஸ்தருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடத்தின் முதுகுக்குப் பின்னால் ரவிக்கையை மடித்துத் தன் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள்.

வேலை போய்விடுமோ, தன் கணிப்புதான் தப்போ என்று நாட்குறிப்பில் அரைப் பக்கம் புலம்பித் தீர்த்த பிறகு கடைசியாக எழுதினாள்:

"நாளை: காலை ஆறு மணிக்கு வசுமதியம்மாள் வீட்டுக்குப் போய் ரவிக்கையைக் கொடுக்க வேண்டும்."