பேர் கூப்பிடும் நேரம்

காட்டுப் பள்ளியில் மைனாக் குஞ்சு பொன்னலகிக்கு அன்று முதல் நாள்.

"பேரென்ன கண்ணு?" என்று குனிந்து கேட்டார் கொக்கு வாத்தியார்.

"பொன்னலகிங்க. கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்றது அப்பா மைனா. குஞ்சிடம் யார் எது கேட்டாலும் அதுதான் முந்திக்கொண்டு பதில் சொல்லும்.

"உங்களையா கேட்டேன்? கெளம்புங்க சார்."

அப்பா மைனா வெளியே போனது. ஆனால் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. எதிரே இருந்த புங்கமரத்தில் உட்கார்ந்து குஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தது.

வாத்தியார் பேர் கூப்பிட ஆரம்பித்தார். காடையும் கௌதாரியும் "உள்ளேன் ஐயா" என்று கத்தின.

"பொன்னலகி!"

சத்தமே இல்லை. "அதுக்கு வாயே கெடையாது ஐயா" என்று ஒரு காக்காக் குஞ்சு சிரித்தது. பொன்னலகியின் அலகு மெல்லத் திறந்தது. அந்த ஒரு நொடியை அப்பா மைனாவால் தாங்க முடியவில்லை.

"உள்ளேன் ஐயா!" என்று மரத்திலிருந்து கத்திவிட்டது.

வகுப்பே சிரித்தது. பொன்னலகி அலகை மூடிக்கொண்டது.

வாத்தியார் மறுபடியும் கூப்பிட்டார். இந்தமுறை அப்பா மைனா தன் அலகைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டது. பொன்னலகியோ வாத்தியாரைப் பார்க்கவே இல்லை. மரத்தைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தது.