பார்கோடு போடாத மடையன்

"பெட்டியில பார்கோடு பளிச்சுனு இருக்கு. அந்த எண்ணைப் போடாம விட்டிருக்கியே, தூங்கிட்டே டைப் பண்ணினியா?"

அக்கா கேட்ட வேகத்தில், பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த தம்பி கத்தரிக்கோலைக் கீழே வைத்தான்.

பழைய பொம்மைகளை இணையத்தில் விற்பதில் அக்காவை அசைக்க ஆளில்லை. அவள் விற்கும் ஒவ்வொரு பொம்மைக்கும் பார்கோடு எண் போட்டிருப்பாள். வியாபாரிகள் அந்த எண்ணைத் தட்டித் தேடி, சுடச்சுட அள்ளிக்கொண்டு போவார்கள். வேலை போனபோது தம்பி நீட்டிய பணத்தைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தனியாளாக நிமிர்த்திய கடை. அந்தப் பெருமை அவள் நடையிலேயே தெரியும்.

லீவுக்கு வந்தவன், உதவி செய்கிறேன் பேர்வழி என்று இப்படிச் செய்து வைத்திருக்கிறான்.

"'சிவப்புத் தீயணைப்பு வண்டி, ஏணி இடது பக்கம், தள்ளினா மணி அடிக்கும்.' இப்படி எழுதினா எந்த வியாபாரி தேடி வருவான்?"

"வியாபாரி வர வேண்டாம்னுதான்."

அவளுக்குச் சுருக்கென்றது. "ஓஹோ. உன் கூட்டாளி எவனுக்காவது அடிமாட்டு விலைக்குத் தள்ளப் பார்க்கிறியா?"

"இல்லக்கா. சின்ன வயசுல இதை வச்சு விளையாடினவங்களுக்கு எண் தெரியாது. ஏணி எந்தப் பக்கம்னுதான் தெரியும். அவங்க வர்றதுக்குள்ள வியாபாரி தூக்கிட்டுப் போயிடக் கூடாதில்ல?"

போன் சிணுங்கியது. யாரோ எழுதியிருந்தார்கள். 'ஏணி நிஜமாவே இடது பக்கமா? நானும் தங்கச்சியும் இதுக்கு அடிச்சுக்குவோம். வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க.'

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். ஆனால் விட்டுக்கொடுத்தால் அவள் அக்காவா?

"கடை நடத்துறியா, தர்மசத்திரம் நடத்துறியா?" என்றபடி கண்ணாடி அலமாரியைக் காட்டினாள். உள்ளே நீல கவுன் போட்ட பொம்மை. கையைப் பிடித்து நடத்தினால் தலையாட்டும். சின்ன வயதில் வீடு மாறும்போது தொலைத்த அதே ரகம். வேலை போய் முடங்கிக் கிடந்த நாட்களில் அவளே தேடிப் பிடித்தது. அந்தத் தெம்பில்தான் கடையே தொடங்கினாள். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும் கதையை இவனிடமும் ஆரம்பித்தாள்.

"இதை வித்தவனும் எண் போடல. 'நீல கவுன், நடத்தினா தலையாட்டும்'னு மட்டும் எழுதியிருந்தான். வியாபாரிங்க கண்ணுல படல, என் கண்ணுல பட்டுச்சு. மதிப்பே தெரியாம பாதி விலைக்குக் கொடுத்தான். அதுக்கப்புறம் அவன் ஒரு பொம்மைகூட விக்கல. எப்படி விப்பான்? நீயும் அந்த மடையன் மாதிரி வியாபாரம் பண்ணாதே."

தம்பி கத்தரிக்கோலை எடுத்து டேப்பை நறுக்கினான்.

"மாதிரி இல்லக்கா, அவனேதான். சும்மா கொடுத்திருந்தா நீ வாங்கியிருப்பியா?"