பத்து மணி ஸ்னாப்ஷாட்

சாகண் ஊர்த் தொழிற்சாலையில், ஊழியர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்தெழுதும் அப்ரைசல் சர்வர் விர்ச்சுவல் மெஷினில் ஓடியது. அதை, காலை பத்து மணிக்கு இருந்த நிலையை அப்படியே பதிந்துவைத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பிவிட்ட கிரிஜா, சர்வரைப் பார்த்துக்கொள்பவள், "அப்டேட் சொதப்பிடுச்சு. பத்துக்கு அப்புறம் எழுதினதெல்லாம் போயிடுச்சு, சாரி" என்று மேஜை மேஜையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பலரும் மராட்டியில் முணுமுணுத்தார்கள்.

சக ஊழியன் சேவியர் மட்டும், "விடுங்க கிரிஜா, வேணும்னேவா செஞ்சீங்க?" என்றான்.

அவள் அடுத்த மேஜைக்குத் திரும்பினாள்.

"உங்களுக்குத்தான் புரமோஷன் கொடுக்கணும்னு எழுதியிருந்தேன். அதுவும் போச்சு. இருங்க, திரும்ப எழுதிடறேன்" என்றான் சேவியர்.

அப்டேட் எதுவும் சொதப்பவில்லை. சேவியர் எதற்கும் லாயக்கில்லை என்று பத்தரைக்கு எழுதி அனுப்பிவிட்டு, மனசு உறுத்தி, அந்த ஒரு வரியை அழிக்கத்தான் அவள் சர்வரையே திருப்பியிருந்தாள்.