ஊசி இறங்கிய இடம்

ஸ்காட்லாந்தில் ஒரு தேவாலயத்தின் பின்னறை. கிரிசல் சூனியக்காரிதானா என்று சோதிக்க வந்தவர் அவள் முதுகில் நீள ஊசியை இறக்கினார். வலித்துக் கத்தினால் மனுஷி. கத்தாவிட்டால் அது சாத்தான் தொட்ட இடம். அந்தக் காலத்தில் அப்படித்தானே சோதித்தார்கள். பாவம், அவளுக்கும் அது தெரியும். ஆனால் கதவுக்கு வெளியே அவள் சின்ன மகள் எல்ஸ்பெத் நின்றிருந்தாள். பிள்ளை பயந்துவிடுமே என்று கிரிசல் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“பாத்தீங்களா, முனகக்கூட இல்லை,” என்றாள் பக்கத்து வீட்டு மேரியன். “என் பசு சும்மாவா செத்துது?”

வந்தவர் ஊசியைத் துடைத்தார். “தாய்க்கு இருந்தா மகளுக்கும் இருக்கும். அந்தப் பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க.”

கிரிசல் ஊருக்கே கேட்கும்படி அலறினாள்.

“இப்ப மட்டும் எங்கேருந்துடி வந்துது சத்தம்?” என்றபடி மேரியன் கதவைத் திறந்தாள்.