சாசனத்தில் இல்லாத வரி

மிதவூர் கடலில் மிதக்கத் தொடங்கிய நாளில், அதன் சாசனத்தை ஊரைக் கூட்டி வாசித்தவர் செலினின் அப்பா பர்னபாஸ். அவர் காலமான பிறகும் ஆண்டுதோறும் அதே நாளில், அதே மேடையில், இயந்திரம் அவர் குரலிலேயே வாசிக்கிறது.

செலின் ஒரே ஒரு வரிக்காகத்தான் வருவாள். அந்த முதல் நாள் பாதி வாசிப்பில், வெயிலில் நின்ற சிறுமி செலினைக் கண்டு அப்பா அதட்டினாரே, அந்த வரி: "ஏய், அந்தப் பிள்ளைய நெழல்ல நிறுத்துங்கப்பா!" பழைய இயந்திரம் அதையும் சேர்த்தே வாசிக்கும்; அதைக் கேட்டதும் ஊரே தன் பிள்ளைகளைப் பந்தலுக்குள் இழுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

இந்த ஆண்டு வந்த புது இயந்திரம் மகா கெட்டிக்காரன். சாசனத்தில் இல்லாத வரி என்று அதை வெட்டிவிட்டு, மூச்சு விடாமல் மேலே வாசித்துக்கொண்டு போனது.

'இதுக்கா இந்த வெயில்ல வந்து நின்னேன்?' செலின் கிளம்பத் திரும்பினாள்.

ஆனால் ஊர் விடவில்லை. வாசிப்பையும் மீறிக் கூட்டம் முழுவதும் கத்தியது: "ஏய், அந்தப் பிள்ளைய நெழல்ல நிறுத்துங்கப்பா!" பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பந்தலுக்குள் ஓடினார்கள்.

பக்கத்து வீட்டு ரோஸ்லின் தன் குடையை விரித்து, செலினின் நரைத்த தலைக்கு மேல் பிடித்தாள்.

"வாங்கக்கா, உங்களத்தான் சொல்றாரு."