பாதிச் சவரத்தில் ஒரு கேள்வி

கத்தி தொண்டைக்குழிக்கு நேராக வந்து நின்றது.

"சொல்லுங்க சார். இயேசு யாரு?"

நாற்காலியில் சாய்ந்திருந்தவருக்குக் கண்ணும் மூக்கும்தான் வெளியே தெரிந்தன. மீதியெல்லாம் நுரை. அந்தக் கோலத்தில் யார் வேதம் பேசினாலும் மாவு மூட்டை பேசுவது போலத்தான் இருக்கும்.

"தேவனுடைய குமாரன்," என்றார்.

"அது எல்லாரும் சொல்றது. அப்புறம்?"

"உலக ரட்சகர். நல்ல மேய்ப்பர்."

"மனப்பாடம்." சலூன்காரர் கத்தியைத் துண்டில் துடைத்தார். துடைத்த விதமே சரியில்லை. "இன்னிக்கு உருப்படியா ஒரு பதில் வரலேன்னா, ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம் கிடையாது. சொல்லிட்டேன்."

ஆறு மாதம் காத்திருந்து வந்த ஞாயிறு. அந்த நாற்காலியில் நானாக இருந்தால் போர்த்திய துணியோடு தெருவில் இறங்கி ஓடியிருப்பேன்.

கடைக் கதவில் 'இந்த ஞாயிறு கடை விடுமுறை' என்று ஓர் அட்டை. ஒரு மூலையில் மட்டும் டேப் ஒட்டியிருக்க, மற்ற மூன்று மூலையும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"அரை மணி நேரம் லேட்டா வேற வர்றீங்க. உங்க மேல என்ன ஒரே அழுகின வாடை?"

"அது வந்து..."

"ஆடாதீங்க, அறுத்துக்கும்." இடது கன்னம் சரசரவென்று முடிந்தது. "நேத்து என் கடை வாசல்ல அந்தக் குப்பை வண்டிக்காரரை என்ன பேச்சுப் பேசினீங்க? வெள்ளைச் சட்டையில ரெண்டு சொட்டு அழுக்குத் தண்ணி பட்டுடுச்சுன்னு. தெருவே நின்னு வேடிக்கை பாத்துச்சு. அப்போ உங்க நல்ல மேய்ப்பர் எங்க போயிருந்தாரு?"

நாற்காலிக்காரர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்.

"என்ன, வாய்க்குள்ள நுரை போயிடுச்சா?"

"இங்கதான் நின்னாரு."

"உங்க பக்கத்துலயா? நல்ல கூட்டணிதான்."

"என் பக்கத்துல இல்ல. அந்த ஆள் பக்கத்துல. நான் திட்டினதெல்லாம் அவர் மேலயும்தான் விழுந்துச்சு. அவர் யாருன்னு ஊருக்கெல்லாம் சொல்லத் தெரியுது. எதிர்ல வந்து நின்னா எனக்கு அடையாளம் தெரியல."

சலூன்காரர் கத்தியை மறுபடியும் துண்டில் துடைத்தார், இந்தத் தடவை மெதுவாக.

"காலைல போய் அந்த அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். 'சரி, இதைப் புடிங்க'ன்னு வண்டியைக் கையில குடுத்துட்டாரு. ரெண்டு தெரு தள்ளினேன். அதான் லேட்டு. அதான் வாடை."

கத்தி மேஜைமேல் இறங்கியது. பாதிச் சவரத்தில் ஆளை அப்படியே விட்டுவிட்டு, சலூன்காரர் விறுவிறுவென்று கதவுக்குப் போனார்.

அட்டையைப் பிய்த்தெறியத்தான் போகிறார் என்று நாற்காலிக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். டேப் கிழியும் சத்தம் கேட்டது. ஒருமுறை. இன்னொரு முறை. மூன்றாவது முறையும்.

சலூன்காரர் திரும்பி வந்து வலது கன்னத்தில் கை வைத்தபோது, கதவில் அட்டை நாலு மூலையும் ஒட்டி ஆடாமல் நின்றது.

"ஞாயித்துக்கிழமை என்னைக் கொஞ்சம் மெதுவா முக்குங்க பாஸ்டர், எனக்குத் தண்ணின்னா பயம்."