பாதிக்குப் பாதி

ஆவுடையம்மாளின் உயிருக்கு விலை பதினோராயிரம் ரூபாய். ஆபரேஷனுக்கு மெட்ராஸ் டாக்டர் சொன்ன விலை, பேரத்துக்கு இடமில்லை. அவள் புருஷன் தங்கையா தன் பியட் காருக்கும் அதே பதினோராயிரத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்குத் தரகு பார்க்கிறவர் யாரையும் நம்புவதில்லை. ஒர்க்‌ஷாப்காரனை மட்டும் நம்புவாரா? "ஆயில் மாத்துனேன்னு பில்லு கொடுப்பான். மாத்துனதுக்கு யாரு சாட்சி?" என்பார். பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டு முற்றத்தில் அவரேதான் சர்வீஸ். பக்கத்தில் முக்காலி போட்டு ஆவுடை உட்கார்ந்திருப்பாள். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள். செய்த வேலையை நோட்டில் பென்சிலால் எழுதிவைப்பாள்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். இப்போதெல்லாம் ஸ்பேனரைத் தூக்கினாலே அவளுக்கு மூச்சு வாங்கியது. நோட்டு எழுதுவதை மட்டும் அவள் விடவில்லை.

அந்த ஞாயிறு காலையும் பென்சிலைக் கூராகச் சீவி அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் பானெட்டைத் தூக்கினார். நாலு பிளக்கையும் கழற்றித் துடைத்து மாட்டினார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி புதிது. போன மழையில் வண்டி நடுரோட்டில் நின்றபோது பழைய மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த கறுப்புக் கீறலை அவளுக்குக் காட்டியிருந்தார். "பாத்தியா? மயிரிழைக் கரி. கரண்டு பூரா இது வழியா ஒழுகிரும். பிளக்குக்கு ஒண்ணும் போவாது."

சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் பிடித்தது.

"வியாழக்கிழமை ஆஸ்பத்திரில சேக்கணும். இன்னைக்கு வர்ற பார்ட்டி முடிச்சுட்டா நல்லது" என்றார்.

"பொழைக்கிறது பாதிக்குப் பாதின்னுதான டாக்டரே சொன்னாரு? பாதி உயிருக்கு முழு வண்டியா? நீங்கள்லாம் என்ன தரகரு!"

"சும்மா இரு, ஆவுட."

"நான் போயிட்டேன்னா ஞாயித்துக்கிழமை என்ன செய்வீங்க?"

எண்ணெய்க் கையோடு அவர் குளிக்கப் போய்விட்டார்.

பத்து மணிக்கு வெங்கிடேஸ்வரன் வந்தார். எர்ணாகுளத்துத் தேயிலைத் தரகர். படகில் வந்தும் வேட்டியில் ஒரு பொட்டு அழுக்கில்லை.

"பதினொண்ணா? தங்கையா, நான் வாங்க வந்தது காராக்கும். கப்பல் இல்லை."

"சாமி, இதுக்கு அம்மையும் நான், அப்பனும் நான். வேற ஒருத்தன் கை பட்டதில்ல."

"அதான் எனக்கு பயமாருக்கு."

இருவரும் சிரித்தார்கள். விலை படிகிற சிரிப்பு அது, தரகர்களுக்குத் தெரியும். தங்கையா ஆர்.சி. புத்தகம் எடுக்க உள்ளே போனார். திரும்பி வந்தபோது வெங்கிடேஸ்வரன் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

"எடுங்கோ, படகு ஜெட்டி வரைக்கும் போய்ட்டு வரலாம்."

தங்கையா சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது. மறுபடி திருப்பினார். இருமல்தான். ஏழாவது தடவை பேட்டரியும் களைத்துவிட்டது.

"ஆறு வச்சுக்கோங்கோ" என்றார் வெங்கிடேஸ்வரன். "ஓடாத வண்டிக்கு அதுவே ஜாஸ்தி."

தங்கையாவுக்குச் சுருக்கென்றது. மாதிரிச் சுக்கில் கமுக்கமாகத் தண்ணீரைத் தெளித்துவிட்டு, ஈரம் என்று விலையை இறக்குகிறவர்களோடு இருபது வருஷம் குப்பை கொட்டியவர் அவர். நேரே போய் இரண்டு கிளிப்பையும் தட்டி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார்.

உள்ளே, நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு. கீறல் இல்லை. கையால் இழுத்த கோடு.

"சாமி, என்கிட்டயேவா?"

"என்னது?"

"நான் உள்ள போயிட்டு வர்றதுக்குள்ள கரியை இழுத்து விட்டுட்டு ஆறாயிரமா? அவ ஆஸ்பத்திரிக் காசுலயா கை வைக்கீரு? எறங்கும் வெளிய!"

"சத்தியமா இந்த மூடியைத் திறக்கக்கூட எனக்குத் தெரியாது! இந்தா, கையைப் பாரும். கரி இருக்கா?" விரித்த விரல்களில் விபூதிதான் இருந்தது. தங்கையா பார்க்கவில்லை. "திருடன்னு சொன்ன வீட்டுல சும்மா தந்தாலும் எடுக்க மாட்டேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெங்கிடேஸ்வரன் படகுத்துறைப் பக்கம் நடந்தார்.

தங்கையா மட்கார்டில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். வியாழனுக்கு இன்னும் நாலு நாள்.

"போறான் விடு" என்றார். "நாளைக்கு வேற பார்ட்டி பாத்துரலாம்."

ஆவுடை நோட்டை மடியில் விரித்து அன்றைய கணக்கை எழுதினாள். பிளக் நாலு, சுத்தம். ஆயில், சரி. பேட்டரித் தண்ணீர், சரி. விலை, படியவில்லை. காலையில்தான் சீவிய பென்சில். எழுத்தெல்லாம் மொத்தை மொத்தையாக விழுந்தது.

தங்கையா துணியைப் பெட்ரோலில் நனைத்துக்கொண்டு மூடியைக் கையில் எடுத்தார். அவள் நோட்டிலிருந்து நிமிரவில்லை.

"அழிக்காதீங்க. நாளைக்கு வர்றவனுக்கு மறுபடியும் நான்ல கோடு போடணும்."